பெரிய ரோடு வேண்டாம்

"பெரிய ரோடு வேணாம். மலையைச் சுத்திக்கிட்டுப் போயிடுவோம்" என்றார் மெக்கானிக், செல்போனில் இருந்த வரைபடத்தை இரண்டு விரலால் விரித்தபடி.

அந்த விரல்களில் இன்னும் கிரீஸ் கறை இருந்தது. கல்யாணத்துக்குள் அதைப் போக்கியே தீருவது என்று அவர் மனைவி எலுமிச்சம் தோலும் சோப்புமாகப் போராடிப் பார்த்துவிட்டாள்.

"மலையா? பெரிய ரோட்ல போனா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துடலாம். சுத்திப் போனா இருட்டிடும்" என்றாள், துணி மடித்துக்கொண்டே.

"இருட்டினா என்ன? நாளைக்கு ஊர் போய்ச் சேரணும், அவ்வளவுதானே. கல்யாணம் நாளன்னிக்குத்தான்."

கல்யாணப்பெண் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அதை மூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏம்ப்பா, மலைப்பாதைன்னா எனக்கு வளைவுக்கு வளைவு வாந்தி வரும். மாப்பிள்ளை வீட்டு வாசல்ல பிழிஞ்ச துணி மாதிரி இறங்கணுமா?"

"மாத்திரை வாங்கி வெச்சிருக்கேன்."

ஆக, அவர் எப்போதோ முடிவு பண்ணிவிட்டார்.

"பெரிய ரோட்ல அப்படி என்ன குறை?" என்று மனைவி விடவில்லை.

"வெயில். தார் கொதிக்கும். டயர் தாங்காது."

"போன வாரம்தானே நாலு டயரும் புதுசு போட்டீங்க?"

"புது டயர்தான் வழுக்கும்."

ஊரில் பாதி வண்டிகளுக்கு டயர் மாற்றியவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததும் பெண்ணுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மனைவி சிரிக்கவில்லை. மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு கணவரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, சத்தமில்லாமல் கட்சி மாறிவிட்டாள்.

"மலையும் நல்லாத்தான் இருக்கும். வழியெல்லாம் குளுகுளுன்னு இருக்கும்."

"அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்ந்தா உங்க முட்டி வலி என்ன ஆகும்மா?"

"அது எந்த ரோட்ல போனாலும் என் கூடத்தான் வரும்."

அப்போது மாப்பிள்ளை போனில் கூப்பிட்டார். அவர் நிலம் அளக்கும் சர்வேயர். அந்தப் பக்கத்து ரோடுகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

"பெரிய ரோட்லதானே வர்றீங்க மாமா?"

"இல்ல மாப்பிள்ளை. மலை வழியா."

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தது போலிருந்தது. "சரி மாமா. அதுவும் நல்ல வழிதான். அவசரமே இல்ல, நிதானமா வாங்க. நான் வாசல்லயே இருக்கேன்."

"பார்த்தியா, மாப்பிள்ளையே சொல்லிட்டார்" என்று மெக்கானிக் போனைக் கீழே வைத்தார். பெண் பெட்டியின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள். பெட்டி ஒருவழியாக மூடிக்கொண்டது.

காலையில் கிளம்பினார்கள். மெக்கானிக்கே ஓட்டினார். மனைவி முன் இருக்கையில், பெண் பின்னால் பெட்டிகளுக்கு நடுவில். செல்போனில் வழி சொல்லும் குரல், நேராகப் போ, நேராகப் போ என்று பெரிய ரோட்டுக்கே இழுத்துக்கொண்டிருந்தது.

"என் பேச்சைக் கேக்காத ரெண்டாவது பொம்பளை இவ" என்றார்.

"முதல் ஆளு வாயை மூடிக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்கேன்" என்றாள் மனைவி.

பெட்ரோல் பங்க்கைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிந்தது. நேரே பெரிய ரோடு, இடப்பக்கம் மலைப்பாதை. மெக்கானிக் இடது பக்க விளக்கைப் போட்டார். பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளைத் தொட்டது.

"அப்பா, வண்டியைக் கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க."

"இன்னும் மலையே வரலையே, அதுக்குள்ள வாந்தியா?"

"வாந்தி இல்லப்பா. பெரிய ரோட்லயே போலாம்."

அவர் வண்டியை ஓரம் கட்டினார். "அதான் நேத்தே பேசி முடிச்சோமேம்மா."

"நீங்க பேசினீங்க, நான் கேட்டுக்கிட்டேன். ராத்திரி படுத்தா தூக்கமே வரலை."

"பிடிவாதம் பிடிக்காதே. உனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகத்தான் சொல்றீங்கன்னு புது டயர் கதையிலயே தெரிஞ்சுபோச்சுப்பா. பாலம் தாண்டினதும் ஒரு வளைவு வருமே, அங்க கொஞ்ச நேரம் நிறுத்தினாப் போதும்."

மனைவி சட்டென்று பின்னால் திரும்பினாள். "இன்னிக்கு வேணாம்டி. சந்தோஷமாப் போற நேரத்துல அந்த இடத்தை எதுக்குப் பார்க்கணும்?"

மெக்கானிக்கின் கைகள் ஸ்டியரிங்கை விட்டு நகரவில்லை. எதிரே லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே பேசினார்.

"உதிரி பாகம் வாங்கப் போறதுக்குக்கூட நான் அந்த வளைவைச் சுத்திக்கிட்டுத்தான் போறேன். இத்தனை வருஷமா அப்படித்தான். நீ இன்னிக்கு அங்க இறங்கி என்னம்மா செய்யப் போறே? அதைச் சொல்லு, நேராவே போறேன்."

பெண் முன்னால் நகர்ந்து அவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நிதானமாகத்தான் சொன்னாள்.

"உங்க வீட்டுக்கு என்னை மருமகளாக் கூட்டிக்கிட்டு வந்தது உங்க பையன். அவர் உயிர் போன இடத்துல நின்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காம, இன்னொரு வீட்டுக்கு நான் எப்படிப்பா போறது?"