கோட்டுக்கு அடியில் ஓர் ஊர்

“மேடம், நீங்க போடற இந்தக் கோட்டாலதான் என் கல்யாணம் நிக்குது.”

வரைபட அதிகாரி கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கல்யாணத் தரகர் மேல் மாடி, தம்பி. இது வரைபட ஆபீஸ். உங்களை யாரு உள்ள விட்டது?”

“வாட்ச்மேன்தான். அவருக்கு நான்தான் முடி வெட்டறேன். பாதி தலை வெட்டினதும் உங்களைப் பார்க்கணும்னு கேட்டேன். மீதியையும் வெட்டியாகணுமே, விட்டுட்டார்.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு ஒருவரை வெளியே போகச் சொல்ல முடியாது. நாற்காலியைக் காட்டினார்.

மேசையில் பழைய எல்லைப் படம் விரிந்து கிடந்தது. இரண்டு நாடுகளுக்கும் நடுவில், என்றைக்கோ யாரோ கட்டைப் பேனாவால் இழுத்த சிவப்புக் கோடு. படத்தில் கோடு எங்கேயோ, தரையில் எல்லையும் அங்கேதான் என்பது ஒப்பந்தம். இப்போது அதையே கம்ப்யூட்டரில் புதிதாக வரைந்துகொண்டிருந்தார் அதிகாரி. மத்தியானம் இரு நாட்டுக் குழுவும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு அந்தக் கோட்டை யாராலும் அசைக்க முடியாது.

“இந்த வளைவுல, கோட்டுக்கு அடியில ஒரு ஊர் இருக்கு மேடம்,” என்று விரலை வைத்தான் முடிதிருத்தும் இளைஞன்.

“கோட்டுக்கு அடியிலயா?”

“ஆமா. படத்துல கோடு ஒரு மில்லிமீட்டர் தடிமன். தரையில அது அரை கிலோமீட்டர். ஊர் முழுசா மைக்குள்ள போயிடுச்சு. அங்க இருக்கறவங்க இந்த நாடும் இல்ல, அந்த நாடும் இல்ல.”

அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். சிவப்புக்கு அடியில் மங்கலாக ஐந்தாறு கூரைகள்.

“அடப்பாவமே! யாருமே சொல்லலையே! சரி, கல்யாணத்துக்கு வாங்க.”

“அது நடந்தா நீங்கதான் மேடம் வரணும். பொண்ணுக்கு என்னைப் பிடிச்சிருக்கு. எனக்கும் பொண்ணைப் பிடிச்சிருக்கு. பொண்ணோட அப்பாதான் பிடி கொடுக்க மாட்டேங்கறார். தொழில் சரி, குணம் சரி, நாடுதான் இடிக்குதாம்.”

“இடிக்காதா பின்னே? ஒரு நாடுன்னா நாலு விஷயம் வேணும் தம்பி. நிலம், மக்கள், அரசாங்கம், அப்புறம் மத்தவங்க அதை ஒத்துக்கணும்.”

“மாப்பிள்ளைக்கும் அதே நாலுதான் மேடம். நிலம் இருக்கா, மனுஷங்க இருக்காங்களா, அரசாங்க வேலையா, நாலு பேர் மதிப்பாங்களா?”

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். விஷயம் மனதைத் தொட்டுவிட்டது. “அந்த ஊர்ல வரி எந்த நாட்டுக்குக் கட்டறாங்க?”

“எதுக்கும் கட்டறதில்ல மேடம்.”

அதிகாரி உச்சுக் கொட்டினார். “போலீஸ்?”

“ரெண்டு பக்கத்துலேருந்தும் வருவாங்க. எட்டிப் பார்ப்பாங்க. ‘அது அவங்க ஏரியாப்பா’ன்னு திரும்பிடுவாங்க.”

“தேர்தல்?”

“கிடையாது. ஒரு மைக் செட்கூட அந்தப் பக்கம் போனதில்ல.”

“கரண்டாவது இருக்கா?”

“ரெண்டு நாட்டுக் கம்பியும் மேல போகுது. இது போனா அது.”

“பட்டாளத்துக்கு?”

“யாரும் கூப்பிடறதில்ல மேடம். கூப்பிட்டாலும் யாரோட சண்டை போடறதுன்னு தெரியாம முழிப்பாங்க.”

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஒரு ஊரையே இப்படி நாதியில்லாம விட்டுட்டோமே!”

“அழாதீங்க மேடம். உங்க கையிலதான் இருக்கு. இன்னிக்கு விட்டா, அடுத்த மாசம் பொண்ணை வேற பையனுக்கு முடிச்சுடுவார். கோட்டோட தடிமனை மட்டும் கொஞ்சம்...”

“புரியுது, புரியுது. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.”

மவுஸை நகர்த்தினார். திரையில் சிவப்புக் கோடு இளைத்தது, இன்னும் இளைத்தது, கடைசியில் தலைமுடி கனத்துக்கு வந்து நின்றது. ஊர் பளிச்சென்று வெளியே வந்தது.

“முடிஞ்சுது! உங்க ஊருக்கும் இனிமே ஒரு நாடு உண்டு தம்பி. மாமனார் முன்னாடி நெஞ்சை நிமித்திக்கிட்டு நில்லுங்க.”

நாற்காலி பின்னால் சாய்ந்து விழ இளைஞன் துள்ளி எழுந்தான்.

“ஐயையோ மேடம், குடியைக் கெடுத்தீங்களே! அது பொண்ணோட ஊரு!”

“அப்போ உங்க ஊரு?”

“ஒரு கிலோமீட்டர் தள்ளி, முழுசா ஒரு நாட்டுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கிடக்கு. ‘வரி, போலீஸ், தேர்தல், பட்டாளம்னு இத்தனை வில்லங்கம் உள்ள பையனுக்கு எப்படிய்யா பொண்ணைக் கொடுக்கறது’ன்னு ஒத்தைக் கால்ல நிக்கறார் மனுஷன். கோட்டை ரெண்டு நூல் தடியாப் போடுங்கன்னு கேக்கத்தான் மேடம் வந்தேன்!”

வாசலில் குழுவின் கார்கள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அதிகாரி கதவைப் பார்த்தார், இளைஞனைப் பார்த்தார், மவுஸைப் பிடித்தார். கோடு தடித்தது. பெண்ணின் ஊர் மறைந்தது. மாப்பிள்ளையின் ஊரும் மறைந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

“போதும் மேடம், எங்க ஊரும் கோட்டுக்குள்ள வந்துடுச்சு!”

“சும்மா இருங்க தம்பி,” என்றார் அதிகாரி குரலைத் தாழ்த்தி, “இன்னும் ஒரு நூல் இழுத்தா எங்க தெருவும் வந்துடும்.”