சிங்கிள் ஓனர்

அவள் முதலில் பார்த்தது நம்பர் பிளேட்டை.

அதே நம்பர்.

பிறகுதான் காரைப் பார்த்தாள். வெள்ளை, பழுப்பேறிக் கிடந்தது. பின்பக்கத்தில் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. வீட்டு கேட்டில் இடித்த பள்ளம். இடித்தது அவள் கணவர். திட்டு வாங்கியது அவள்.

கார் வாங்க வந்தவளைப் போல நின்றாள். ஓசூர் பைபாஸில் பழைய கார் விற்கிற இடத்தில் வேறு எப்படி நிற்பது? இந்தக் காரை எடுத்துக்கொண்டு போன என் வீட்டுக்காரர் திரும்பி வரவில்லை, அவர் எங்கே என்று கேட்டால் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

நேற்று பஸ்ஸில் அந்த வழியாகப் போன நாத்தனார்தான் காரைப் பார்த்துவிட்டு போன் செய்தாள். அத்தை இன்னும் சாப்பிடவில்லை. நல்ல சேதி வந்த பிறகுதான் சாப்பாடாம்.

நம்பரைப் போட்டால் வண்டியின் ஜாதகத்தையே காட்டுகிற ஆப் ஒன்று உண்டு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்ப்பார்கள். அவள் தினமும் காலையில் பால் பொங்குவதற்குள் பார்த்துவிடுவாள்.

ஓனர் மாறவில்லை. அவர் போன பிறகும் வருடம் தவறாமல் இன்சூரன்ஸ் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

"அவன்தான் கட்டறான். எங்கயோ உயிரோட இருக்கான்" என்பாள் அத்தை. அவளும் அதையே பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது?

போலீஸுக்கு வீட்டிலிருந்து ஆளைக் காணவில்லை என்று மட்டும்தான் எழுதிக் கொடுத்தார்கள். வண்டி நம்பரைக் கொடுக்க அத்தை விடவில்லை. தன் பிள்ளையை நடுரோட்டில் மறித்து, திருடனை இறக்குவது மாதிரி இறக்குவார்களாம். அவளும் சரி என்று தலையாட்டினாள். இப்போது நினைத்தால் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

புரோக்கர் தன் போனில் அதே ஆப்பைத் திறந்து நீட்டினார். ஓனர் பெயரில் பாதி எழுத்துகளை மறைத்து நட்சத்திரக் குறிகள். மறைந்த எழுத்துகளை அவள் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள்.

"பாத்துக்குங்க மேடம். லோன் இல்ல, ஃபைன் இல்ல, கேஸ் இல்ல. சுத்தமான வண்டி."

சுத்தமான வண்டிதான். ஒரு மனிதர் வீட்டை விட்டுப் போனதையெல்லாம் அந்த ஆப்பில் எங்கே போடுவார்கள்?

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இத யாருங்க ஓட்டினது?"

புரோக்கர் முகம் மலர்ந்தது.

"சிங்கிள் ஓனர் மேடம். அதுவும் ஓனரோட வொய்ஃப்தான் ஓட்டினாங்க. பிள்ளைய ஸ்கூல்ல விடுறது, கூட்டிட்டு வர்றது, அவ்வளவுதான். நேத்து காலைல கொண்டாந்து விட்டாங்க. நாங்க இன்னும் கதவக்கூடத் தொறக்கல."

ஓனரின் மனைவி அவருக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்கு ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாது.

பிள்ளையும் இல்லை.

வெயில் தலையில் இறங்கியது. பக்கத்திலிருந்த சிவப்புக் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். சுட்டது. எடுக்கத் தோன்றவில்லை.

அந்தச் சிவப்புக் காரைப் பார்க்க ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். புரோக்கர் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"சிங்கிள் ஓனர் சார். லேடீஸ் ஓட்டின வண்டி. ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் தவிர எங்கயும் போனதில்ல."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எல்லா வண்டிக்கும் இதே பாட்டுத்தானா! பொய் சொல்லியே பிழைக்கிற அந்த மனிதரை அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அப்படியென்றால் வீட்டுக்காரர்தான் கொண்டுவந்து விட்டிருக்கிறார். நேற்று இந்த மண்ணில் நின்றிருக்கிறார். ஏதோ கஷ்டம், அதனால்தான் விற்கிறார். கஷ்டம் முற்றினால் வீட்டுக்குத்தானே வந்தாக வேண்டும்? அத்தையிடம் இப்படியே சொல்லலாம். முதலில் சாப்பிடச் சொல்ல வேண்டும்.

போன் அடித்தது. அத்தைதான்.

"சும்மா உக்காந்து பாருங்க மேடம்" என்று புரோக்கர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

அந்த சீட்டில் அவள் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறாள். கார் வாங்கிய புதிதில், கணவர் குளிக்கப் போயிருந்தபோது. அவர் ஆறடிக்கு மேல். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளியும் முட்டி இடிக்கும் அவருக்கு. அன்றைக்கு அவள் காலுக்கு பெடல் எட்டவில்லை. நடுக்கண்ணாடியில் கூரைதான் தெரிந்தது. ஈரத் தலையோடு வந்து பார்த்துவிட்டு அவர் சிரித்தார். உனக்கெல்லாம் எட்டாது, இறங்கு என்றார். அவளும் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

இப்போது ஏறி உட்கார்ந்தாள். கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

கால் எட்டியது.

பாதம் முழுதாக பெடலில் பதிந்தது. ஸ்டியரிங் கைக்கு வாகாக இருந்தது. கண்ணாடியைத் திருப்பக் கையைத் தூக்கினாள். திருப்ப வேண்டியிருக்கவில்லை. பின்சீட் முழுக்கத் தெரிந்தது. சீட் துணியில் பிஸ்கட் தூள் சிதறியிருந்தது.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

புரோக்கர் குனிந்து எட்டிப் பார்த்தார். "என்ன மேடம், சீட்டு சரியில்லயா? கீழ லீவர் இருக்கு. முன்ன பின்ன தள்ளிக்கலாம்."

"வேணாங்க" என்றாள். "எனக்கு அளவாத்தான் இருக்கு."