ஜன்னல் சீட்

சைலஸ் உட்கார்ந்ததும் நறுக்கென்று சத்தம் கேட்டது.

எழுந்து பார்த்தான். நாகேஷின் மூக்குக்கண்ணாடி, நடுவில் இரண்டாக. இடம் பிடிக்கப் போட்ட கைக்குட்டை பறக்காமலிருக்க, அதன்மேல் வைத்தது. அதுவும் சைலஸுக்காகப் பிடித்த இடம்.

"பரவால்ல வுடுங்க சார். மொதல்ல உக்காருங்க," என்று நாகேஷ் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் சைலஸை உறுத்தியது. கண்ணாடியை உடைத்தவனைத் திட்டாத மனிதரை அவன் தன் ஊரான சாம்பியன் ரீப்ஸில் கண்டதில்லை. அவனாக இருந்தால் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடித்திருப்பான்.

பத்தொன்பது நாளாக இப்படித்தான். காலை பெங்களூர் வண்டி, ஐந்தாவது பெட்டி, அதே ஜன்னல் சீட். பக்கத்தில் நாகேஷ், எதிரில் ராஜப்பா, ரவிகுமார். முன்பின் தெரியாத மூன்று பேர்.

ராஜப்பா தினமும் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றித் தருவார். தரும்போது முகத்துக்கு வெகு அருகில் குனிவார். ஸ்டேஷன் வந்தால் ரவிகுமார் பேச்சை நிறுத்திவிட்டு அவனையே பார்ப்பார். ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டான். சாயங்காலமே மூவரும் வீட்டு வாசலில்.

வேவு பார்க்கிறார்கள். ஆனால் சைலஸை வேவு பார்த்து யாருக்கு என்ன லாபம்? வீட்டு நாயே அவனைப் பார்த்து வாலாட்டுவதை நிறுத்தி வருஷமாகிறது.

மனைவி ஈவ்லின் வேலையாகத்தான் இருக்கும். மறுபடி வாயில் வாடை வந்தால் கோலாரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பமாட்டேன் என்று சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிற பெண்.

இந்த ஆட்களை யாரென்று தெரியாது என்று பைபிள்மேல் கைவைத்தும் சொல்லிவிட்டாள். அதனால் சந்தேகம் இரட்டிப்பானது.

மூன்றாவது பெட்டியில் அவனுடைய பழைய கூட்டம் இருந்தது. காலையில் சீட்டு, திரும்பும்போது பாட்டில். பதினோரு வருஷச் சிநேகிதம். குடியை நிறுத்த மாத்திரை சாப்பிட ஆரம்பித்த அன்றே அந்தப் பெட்டியை விட்டான். அன்றிலிருந்து அவனோடு சிரித்துப் பேச ஆளில்லை. இந்த மூன்று உளவாளிகளைத் தவிர.

இன்று பிளாட்பாரத்தில் அந்தப் பழைய கூட்டம் கையசைத்துக் கூப்பிட்டது. ஒரே ஒரு கை சீட்டாட்டம். கோரமண்டலில் இறங்கி, ஓடிப்போய் ஏறிக்கொள்ளலாம். சாயங்காலம் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியும்.

கோரமண்டலில் வண்டி நின்றது. சைலஸ் எழுந்தான்.

மூன்று ஜோடி முட்டிகளும் வழிவிடவில்லை.

"இன்னாத்துக்குய்யா என்னிய காவல் காக்கறீங்க? யாரு அனுப்பிச்சது?"

வழக்கமாக, "சும்மாதான் சார்" என்பார்கள். இன்று ராஜப்பா ரவிகுமாரைப் பார்த்தார். ரவிகுமார் செல்போனைப் பார்த்தார்.

நாகேஷ் வெறுங்கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"யாரும் அனுப்பல சார். செவ்வாக்கெழம மாத்திர வாங்கற வரிசையில, குல்லாவ மூக்கு வரிக்கும் இழுத்துக்கினு நிக்கறீங்களே, உங்க பின்னாடி நிக்கறது நாங்கதான். ஆளுக்கு ஒரு பெட்டிய வுட்டு வந்தவங்க. போன மாசம் வரிக்கும் இவங்க ரெண்டு பேரும் என்னியத்தான் இந்த ஜன்னலாண்ட ஒக்கார வெச்சி அடைச்சிருந்தாங்க."

விசில் ஊதியது.

"இப்ப நீங்க எறங்கினா, நானும் பின்னாலயே எறங்கிடுவேன் சார்."