சுனிலின் படிகம்

சர்ரென்று பேனா காகிதத்தின் உச்சிக்கு ஓடிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தொண்ணூற்றிரண்டில், எங்கள் பெங்களூர் ஆய்வுக்கூடத்தில், மின்தடையைக் கோடாக வரையும் கருவியில் கேட்டது.

ஆராய்ச்சி மாணவன் சுனில் மாதக்கணக்கில் உலை முன்னால் கிடந்து வளர்த்த படிகம். சாதாரணமாக அது உலோகம் போல மின்சாரத்தை விடும். குளிரவைத்தால் சட்டென்று மறுக்குமா என்பதுதான் கேள்வி. பேனா ஓடியது. மறுத்துவிட்டது.

"எலக்ட்ரான்லாம் சிவாஜிநகர் பஸ் கூட்டம் மாதிரிப்பா," என்றார் பேராசிரியர் ஸ்ரீகண்டன். "பக்கத்துல நிக்கிறவனைப் பிடிக்காது. குளிர் வந்ததும் ஆளுக்கொரு இடத்தைப் பிடிச்சு உட்கார்ந்துடுச்சு. இனி ஒருத்தனும் நகர மாட்டான்."

சொந்தக் காசில் மைசூர்பாகு வாங்கி வந்தார். எங்களுக்கு அதுவே பெரிய கண்டுபிடிப்பு.

திங்கட்கிழமை கமிட்டி. சுனிலின் உதவித்தொகையை நீட்டாவிட்டால் அவன் நீலசந்திரா வீட்டுக்குத் திரும்பி, அப்பாவோடு சுவருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியதுதான். எங்கள் ஆய்வு உதவியாளர் பிரபாவின் வேலையை நிரந்தரமாக்குவதும் அதே கமிட்டி கையில்.

"எதுக்கும் இன்னொரு தரம் அளந்துடும்மா," என்று சார் அவளிடம் படிகத்தைக் கொடுத்தார்.

சனிக்கிழமை பிரபா வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"கை தவறிடுச்சு சார். நொறுங்கிப்போச்சு. பெருக்கிட்டேன்."

"பெருக்கிட்டியா? உன் கையில படிகத்தைக் கொடுத்ததுக்குப் பதிலா மசால்தோசையைக் கொடுத்திருக்கலாம். தின்னாவது தொலைச்சிருப்பே."

சுனில் அவள் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்க்கா? பொறாமையா?"

"போய் இன்னொண்ணு வளர்டா," என்றாள்.

கமிட்டி அவன்மேல் பரிதாபப்பட்டு இன்னொரு வருடம் கொடுத்தது. பிரபாவைக் கவனக்குறைவு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியது.

அவள் மேஜையைக் காலி செய்தபோது நான்தான் கூட நின்றேன். கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். உள்ளே படிகம், முழுசாக.

"லென்ஸ் வச்சுப் பாரு."

பார்த்தேன். சுனில் ஒட்டிய கம்பி ஒன்று குளிரில் பெயர்ந்து தொங்கியது. மின்சாரம் நின்றது அதனால்தான். படிகம் எதையும் மறுக்கவில்லை.

"சார்கிட்ட சொல்லியிருக்கலாமேடி?"

"அவர்தான் மைசூர்பாகு கொடுத்துட்டாரே. உண்மை தெரிஞ்சா, கம்பி ஒட்டத் தெரியாத பையன்னு கமிட்டி அவனைத் துரத்திடும். எனக்கு எம்.எஸ்ஸி. இருக்கு, எங்கயாவது பாடம் நடத்திப் பிழைச்சுக்குவேன்."

சுனில் இன்று பேராசிரியர். புதிதாகச் சேரும் மாணவர்களிடம், பொறாமையில் படிகத்தை உடைத்த ஒருத்தியின் கதையை வருடா வருடம் சொல்கிறானாம். பிரபா ஆனேக்கலில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றாள்.