கடைசி வண்டியின் தாள்

இயக்குநர் ஹிரூமா பொத்தானை அழுத்தினார். கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

இன்னொரு முறை அழுத்தினார். விளக்குகள் எரிந்தன. இன்ஜின் வாயைத் திறக்கவில்லை.

எதிரே பதினாறு கேமராக்கள். பின்னால் சீருடையில் இருநூறு பேர். கூரையிலிருந்து தொங்கிய துணியில் 'இருபத்தாறு ஆண்டுகள், நன்றி' என்று எழுதியிருந்தது. இரண்டு கதவும் மூன்று மிதியும் வைத்த அந்தக் குட்டி வேகக் காரில் இதுதான் கடைசி. இனி இந்த ஆலையில் அது கிடையாது.

கூட்டத்தில் நின்ற சோதனைப் பிரிவு ஷிஹோவுக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. கிளட்ச்.

இடது காலால் கிளட்ச்சை மிதித்தால்தான் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகும். பழைய வண்டிகளுக்கு அது தேவையில்லை. இந்த மனிதர் கியர் வண்டியைக் கடைசியாகத் தொட்டது அந்தக் காலத்தில். 'கிளட்ச்சை மிதிக்கவும்' என்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் எழுத்து மின்னிக்கொண்டுதான் இருந்தது. படத்தில் நன்றாக விழ வேண்டும் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் செயலாளரிடம் கொடுத்திருந்தார்.

போன வருடம் கூட்டத்தில், "இப்பல்லாம் இதை யாருக்கு ஓட்டத் தெரியுது?" என்று ஒரே கேள்வியில் உற்பத்தியை நிறுத்தியவர் இவர்தான். ஐந்து நிமிடத்துக்கு முன்பு நிருபர்களிடம், இது என் இளமை என்று கண் கலங்கியவரும் இவர்தான்.

இருநூறு பேருக்கும் தெரியும். இருநூறு பேரும் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவரிடம் போய், கீழே இன்னொரு மிதி இருக்கிறது என்று யார் சொல்வது?

கடைசியில் ஃபோர்மேன் நுமாஜிரி ஆறு பேருக்குக் கண் காட்டினார்.

தள்ளினார்கள்.

ஷிஹோவும் தள்ளினாள், படத்தில் விழாதபடி குனிந்து. இயக்குநர் ஜன்னல் வழியே கையசைத்துக்கொண்டே போனார். இத்தனை வருடம் உறுமிக்கொண்டு வாசலைத் தாண்டிய வண்டி, தள்ளுவண்டிபோல வெளியே போனது. எல்லோரும் கை தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் நுமாஜிரி அவளைச் சோதனை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

மேஜை மேல் அந்த வண்டியின் சோதனைத் தாள் இருந்தது. வாசலில் ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குக் காரணம் எழுதியே ஆக வேண்டும். அது ஆலையின் விதி. எழுத வேண்டியவள் ஷிஹோ. கடைசிச் சோதனை அவளுடையது. மற்ற தாள்கள் கோப்புக்குப் போகும். இந்தத் தாள் வண்டியோடு காட்சிக்கூடத்துக்குப் போகிறது, கண்ணாடிச் சட்டத்துக்குள்.

"பேட்டரி டவுன்னு எழுதிடும்மா. பார்க்க மறந்துட்டேன்னு கீழ ஒரு வரி. முடிஞ்சுது."

"காலையில நான்தானே சார் ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன்? தொட்டதும் கிளம்புச்சு."

"எனக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை லிஸ்ட் வருது. அதை மட்டும் நெனச்சுக்க."

நிரந்தர வேலை கிடைப்பவர்களின் பட்டியல். முட்டைக்கோஸ் தோட்டத்தில் குனிந்தே முதுகு போன ஒரு வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். இன்ஜினியரிங் பட்டம். அதை வைத்துக்கொண்டு ஐந்து வருடமாக ஒப்பந்தக்காரி. இந்த வெள்ளி விட்டால் வாசலைப் பார்த்து நடக்க வேண்டியதுதான்.

ஐந்து வருடத்தில் அவள் சோதித்து அனுப்பிய ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை. இனி காட்சிக்கூடத்துக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் கண்ணாடியில் மூக்கை வைத்து வாசிப்பார்கள்: கடைசிக் காரைக் கெடுத்தவள் ஷிஹோ.

"கிளட்ச்ச மிதிங்கன்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் ஷிஹோ. "இருநூறு பேர் இருந்தோமே!"

"நீ சொல்லியிருக்கலாமே?"

அவளும் காலணியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் எல்லாவற்றையும் விட எரிந்தது.

பேனாவை எடுத்தாள்.

குறை: ஸ்டார்ட் ஆகவில்லை. காரணம்: ஓட்டியவர் கிளட்ச்சை மிதிக்கவில்லை. வண்டியில் குறை இல்லை.

கையெழுத்துக்குப் பதிலாகச் சிவப்பு மையில் தன் பெயர் முத்திரையைக் குத்தித் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

நுமாஜிரி இரண்டு முறை படித்தார். கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உனக்குப் பயமே கிடையாதா?"

"இருக்கு. கையைப் பாருங்க."

அவர் அவள் கையைப் பார்த்தார். ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அங்கே இயக்குநர் வண்டிமேல் சாய்ந்து இன்னும் படத்துக்கு நின்றுகொண்டிருந்தார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து தன் முத்திரைக் கட்டையை எடுத்தார்.

அந்த ஆலையில் முத்திரை குத்துவதற்கும் ஒரு பணிவு உண்டு. இடப்பக்கக் கட்டம் மேலதிகாரியுடையது. கீழே இருப்பவர்கள் தங்கள் முத்திரையை அந்தப் பக்கமாகச் சற்றுச் சாய்த்துக் குத்துவார்கள், பெயரே குனிந்து வணங்குவதுபோல. நுமாஜிரி முப்பத்தோரு வருடமாகச் சாய்த்தே குத்தியவர். சொந்த அம்மா இறந்தபோது எழுதிய விடுப்புத் தாளில்கூட அவர் பெயர் குனிந்துதான் இருந்தது.

அவர் கட்டையைத் தாளில் வைத்தார். கோணம் சரியா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். கொஞ்சம் திருப்பினார். அழுத்தி எடுத்தார்.

தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஷிஹோ குனிந்து பார்த்தாள். மை இன்னும் ஈரமாக இருந்தது. நுமாஜிரி என்ற பெயர் எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றது.