கோபுரம் இல்லாத படம்

"இந்தப் பக்கம் நின்னா படத்துல கோபுரம் விழாது அக்கா," என்றான் காவலாளி.

"விழ வேணாம்," என்றாள் அவள்.

அவள் கையிலிருந்த ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டு வரை வழிந்திருந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

வீட்டுச் சாமான்கள் காலையிலேயே லாரியில் போய்விட்டன. சாயங்கால ரயிலில் அவளும் கணவரும் ஏற வேண்டும். இனி மகள் இருக்கும் ஊர். அங்கே ஒரு கிடங்கில் அவருக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறார் மருமகன்.

லாரிக்கும் ரயிலுக்கும் நடுவே கிடந்த பகல் முழுவதையும் அவள் தனக்கென்று எடுத்துக்கொண்டாள்.

முதலில் லிஃப்டில் கோபுரத்தின் உச்சிக்குப் போனார்கள். ஏரியில் மிதிபடகு விட்டார்கள், பாதியில் அவருக்குக் கால் பிடித்துக்கொண்டதால் கரை வரை அவளே மிதித்தாள். கண்ணாடிச் சுவர் வைத்த உணவகத்தில், தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படியான மேசையைக் கேட்டு வாங்கி, வறுத்த மீனும் அதற்கு மேல் கேக்கும் சாப்பிட்டார்கள்.

"பெரிய மனுஷங்க மாதிரி இருக்கோம்ல?" என்றார் அவர்.

"அதென்ன மாதிரி?" என்றாள் அவள்.

இருவரும் இந்தச் சதுக்கத்திலேயே பிழைத்தவர்கள். கோபுரத்தின் முன்னால் வருகிறவர்களை நிறுத்தி அவர் படம் எடுப்பார். அவள் பக்கத்தில் குடைக்குக் கீழே உட்கார்ந்து, கையடக்கப் பிரின்டரில் அதைப் போட்டு, சூடு ஆறுவதற்குள் உறையில் வைத்துக் கொடுப்பாள். அவர் எடுத்த படங்கள் ஊர் ஊராக எத்தனையோ வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன.

அவர்கள் வீட்டுச் சுவரில், இருவரும் சேர்ந்து நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை. மகள் கல்யாணத்திலும் கேமரா அவர் கழுத்தில்தான் தொங்கியது.

போன வருடம் நகராட்சி அந்தத் தொழிலைத் தடை செய்தது. அதற்குப் பிறகு அவர்களைப் பார்த்த இடத்திலெல்லாம் விசில் ஊதித் துரத்தியவன் இதே காவலாளிதான். ஒருமுறை கேமராவைப் பிடுங்கியும் வைத்துக்கொண்டான். மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது லென்ஸைத் துடைத்து வைத்திருந்தான்.

இன்று அவள் நேராகப் போய், அந்தக் கேமராவை அவனிடமே நீட்டினாள். கழுத்தில் தொங்கிய விசில் அவன் உதடு வரை போய் நின்றது.

"பயப்படாத தம்பி. இன்னைக்கு நாங்க ஊர் சுத்திப் பாக்க வந்தவங்க. ரயில் ஏறுறதுக்குள்ள இவரும் நானும் ஒண்ணா நிக்கிற படம் ஒண்ணு எனக்கு வேணும். நீதான் எடுக்கணும்."

நிற்கும் இடத்தையும் அவளேதான் தேர்ந்தெடுத்தாள். கோபுரம் அவர்களுக்கு எதிரே, காவலாளியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

காவலாளி பொத்தானை அழுத்தினான். படத்தைப் பார்த்தான். அதில் அவள் மட்டும் இருந்தாள். ஓரத்தில் ஒரு முழங்கை.

அழுத்துகிற நொடியில் அவர் ஓர் எட்டு நகர்ந்திருந்தார். தன் நிழல்கூடப் படத்தில் விழக் கூடாது என்று இத்தனை காலம் பழகிய கால்கள்.

இரண்டாவது முறை இன்னும் மோசம். அவள் முகவாயை இரண்டு விரலால் நிமிர்த்திவிட்டு, "சிரிங்க" என்று மரியாதையாகச் சொல்லி, அவர் முழுதாகவே விலகிக்கொண்டார்.

"எவனெவனையோ பொண்டாட்டி பக்கத்துல ஒட்டி நில்லு, ஒட்டி நில்லுன்னு கத்துவீங்க. உங்க முறை வந்தா மட்டும் ஓடுறீங்களே!"

"கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்னா கைய எங்க வச்சுக்கிறதுன்னே தெரியலடி."

அவள் ஐஸ்கிரீமை இடது கைக்கு மாற்றினாள். வலது கையால் அவர் சட்டைக் காலரைப் பின்பக்கமாகக் கொத்தாகப் பிடித்தாள்.

"இப்ப எடு தம்பி."

காவலாளி கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனான். உடனே இறக்கினான்.

அவர்களுடைய தலைக்கு மேலே பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் இமைக்கவில்லை.

அவன் சதுக்கத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். இரண்டு எட்டு பின்னால் போனான். காக்கிச் சீருடையோடு தரையில் ஒரு முட்டியை ஊன்றினான்.

"எதுக்குப்பா முட்டி போடுற?" என்றார் அவர்.

"நின்னுக்கிட்டு எடுத்தா பாதிதான் வருதுண்ணே."

லாரியில் ஏற்றாமல் கைப்பையில் வைத்திருந்த பிரின்டரிலிருந்து படம் நாக்கைப் போல மெல்ல வெளியே வந்தது. மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

காலரில் பிடிபட்டு, திருடனைப் போல விழித்துக்கொண்டு அவர் நின்றார். வழியும் ஐஸ்கிரீமோடு அவள் பல் தெரியச் சிரித்தாள். இருவருடைய தலைக்கும் மேலே, ஓர் எழுத்துகூட வெட்டுப்படாமல், நகராட்சியின் அறிவிப்புப் பலகை:

இவ்விடத்தில் கூலி பெற்றுப் புகைப்படம் எடுப்பது தண்டனைக்குரியது.

அவள் ஐஸ்கிரீமை அவர் கையில் கொடுத்துவிட்டு, படத்தை ஊதி ஆற்றிக் கைப்பையில் வைத்தாள். அதே பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, காவலாளியின் சட்டைப் பையில் செருகி, அதன் பொத்தானையும் போட்டுவிட்டாள்.

"ஐயோ, வேணாம்க்கா."

"கூலி குடுக்காம படம் வாங்கிட்டுப் போற பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது."

இருவரும் ஸ்டேஷனை நோக்கி நடந்தார்கள். அவள் மறுபடியும் அவர் காலரைப் பிடித்திருந்தாள்.

காவலாளி சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு பலகையின் கீழே நின்றான். யாராவது பார்த்தார்களா என்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

அந்தச் சதுக்கத்தில் விசில் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான்.