தவணைக் கட்டம்

"எதை அழுத்தினீங்க, மிஸ் நோரீன்? ரொக்கமா, தவணையா?"

பெட்ரோல் பங்க்கின் சின்னக் கடை அது. வேட் கல்லா மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றான். லாட்டரி டிக்கெட்டின் நகல் ஒன்று, கல்லாவில் உட்கார்ந்திருந்த நோரீனின் முன்னால் கிடந்தது.

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். வேட்டின் அப்பா ஹோலிஸ் வழக்கமாக ஆடும் ஆறு எண்கள். அடியில் 'முப்பது ஆண்டுத் தவணை' என்று அச்சாகியிருந்தது.

"தவணைன்னுதான் இருக்கு."

"பதினோரு வருஷமா எங்கப்பா ரொக்கத்துலதான் ஆடுறாரு. புதன், சனி தவறாம, உங்ககிட்டதான். இப்பத் தொண்ணூறு லட்சம் டாலர் விழுந்திருக்கு. ரொக்கம்னா கழிவு, வரி எல்லாம் போக முப்பது லட்சம் ஒரே நாள்ல கைக்கு வந்திருக்கும். தவணையில வருஷத்துக்கு மூணு லட்சம். அதுலயும் வரி!"

"லாட்டரி ஆபீஸ்ல சொல்லிப் பாக்கலையா?"

"பாத்தாச்சு. டெக்ஸஸ்ல வாங்கும்போது எது அச்சாச்சோ அதுதானாம். மாத்தவே முடியாதாம். அப்பாவுக்கு எழுபத்தொண்ணு. முப்பதாவது தவணைய யாரு வாங்குவா? கல்லறையில கொண்டுபோய்க் கொடுப்பாங்களா?"

காபிக் குவளையோடு வரிசையில் நின்ற ரஸ்ஸலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தார்.

ஹோலிஸ் கதவருகிலேயே நின்றார். தொப்பி கையில் இருந்தது. வெளியே ஜூலை வெயில் தார்ச்சாலையை நெளிய வைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைத்தான் பார்த்தார்.

வேட் திரும்பினான். "நீங்களே சொல்லுங்கப்பா. எதைக் குறிச்சுக் கொடுத்தீங்க?"

"எப்பவும் போலத்தான்டா," என்றார் ஹோலிஸ், கதவைப் பார்த்தபடியே.

நோரீன் ஒரு கணம் அவரைப் பார்த்தாள்.

"கேட்டீங்கல்ல?" வேட் சாவிக்கொத்தில் தொங்கிய நாணயத்தை விரல்களில் உருட்டினான். போதை விட்டவர்களின் கூட்டத்தில், நாலு மாதம் மாத்திரை தொடாமல் இருந்ததற்குக் கொடுத்த நாணயம். "அப்பா பென்சில்ல குறிச்சுக் கொடுத்த சீட்டக் காட்டுங்க. வாடிக்கைக்காரங்க சீட்ட எல்லாம் அடுத்த தடவை மெஷின்ல போடுறதுக்காகக் கல்லாவுக்குள்ளதானே போட்டு வைப்பீங்க?"

"அது மெஷின்ல சிக்கிக் கிழிஞ்சுபோச்சு வேட். தூக்கிப் போட்டுட்டேன். நம்பரையெல்லாம் கையாலதான் அடிச்சேன். அப்பத்தான் மாத்தி அழுத்தியிருப்பேன். என் தப்புதான்."

"தப்பா? ஒர்க் ஷாப்புக்கு இடம்கூடப் பாத்து வச்சிருக்கேன், தெரியுமா? இந்த ஊர்ல நான் பாத்ரூம் போனாக்கூட மறுபடி மாத்திரை போடுறேனோன்னு வாசல்ல நின்னு நிமிஷம் எண்ணுறாங்க. அப்பா ஒருத்தர்தான் என்னை நம்புறாரு. விழுந்தா பாதி உனக்குத்தான்டான்னு வாரா வாரம் சொல்லுவாரு. அந்த நம்பிக்கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் எழுந்து நிக்கிறேன். நீங்க ஒரு பட்டன ஒழுங்கா அழுத்தலை!"

ரஸ்ஸல் தாழ்ந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மகன் போனதுலேர்ந்து அவளுக்கு நிதானமே இல்லப்பா. கல்லாவுல உட்கார வச்சிருக்கவே கூடாது," என்றார்.

நோரீனின் பின்னால், சுவரில், எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளியின் தலைக்கவசத்தோடு அவள் மகன் டாபியின் படம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"முதலாளிகிட்ட நானே சொல்றேன்," என்றான் வேட். "வேற யார் தலையிலயும் இப்படி விழக்கூடாது."

"சொல்லு. நானும் சொல்லிடுறேன்."

அவள் சண்டைக்கு வராதது அவனை இன்னும் நோகடித்தது போல. கதவை உதைத்துத் திறந்துகொண்டு வண்டிக்குப் போனான். ரஸ்ஸல் காபிக்குக் காசை வைத்துவிட்டு, தலையை ஆட்டியபடியே வெளியேறினார்.

ஹோலிஸ் மட்டும் நின்றார். "நோரீன்..." என்றார்.

அவள் கல்லாவைத் திறந்து, சில்லறைத் தட்டைத் தூக்கினாள். அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். எங்கும் கிழியவில்லை. மார்ச்சில், வேட் மூன்றாம் தடவையாக மாத்திரை மிஞ்சி, நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில், ஹோலிஸ் பழைய சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டுக் கேட்டு வாங்கிய புதுச் சீட்டு. எண்கள் அதே எண்கள்தான். தவணைக் கட்டத்தில் மட்டும், அவருடைய பென்சில் ஒன்றுக்கு இரண்டு தடவை அழுத்திக் குறித்திருந்தது.

"அவன் கண்ணுல படுறதுக்குள்ள எரிச்சிடுங்க," என்றாள்.

"அவன நம்பலைன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்வேன்? வாயே வரலை. உன் தலையில விழும்னு தெரிஞ்சும் நின்னேன் பாரு." அவர் சீட்டைக் கையில் எடுத்தார். "வேலை போயிடும் நோரீன்."

"போகட்டும்."

"எதுக்கும்மா இதெல்லாம் நீ சுமக்கணும்?"

வெளியே வண்டியின் ஹாரன் ஒலித்தது. ஹோலிஸ் சீட்டை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டார்.

நோரீன் சில்லறைத் தட்டை இருந்த இடத்திலேயே பொருத்தினாள்.

"கிணத்து வேலையில டாபிக்குக் கை போனப்ப, கம்பெனி நஷ்ட ஈட்ட ஒரே செக்காக் கொடுத்துச்சு, ஹோலிஸ். வலிக்குன்னு ஆரம்பிச்ச மாத்திரை. அந்தப் பணம் தீர்றதுக்கு முன்னாடியே அவன் தீர்ந்துட்டான்."